இன்னும் வராத நோய்

சுகாதார நிலையத்து ஜன்னல் வழியாகப் புட்டியை வாங்கிய சோதனை ஊழியன் ஹமாத் லீ அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

“செரேர்காரியோட மூத்திரம். பாத்தாலே தெரியுது. பாதி சோறு இதுல மிதக்குது.”

“உங்க துக்குலோர் கூட்டம் தின்னது போக எங்களுக்கு எங்க சோறு மிஞ்சுது?” என்றாள் தெனிங்.

“எங்க வீட்டு அடிமைக்கு வாயப் பாரு.”

“உன் தாத்தாவ எங்க தாத்தா ஒரு கூடை கடலைக்கு வாங்கினாரு. அப்பவே ஏமாந்துட்டோம். பேரை எழுது.”

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். செரேர் சனமும் துக்குலோர் சனமும் சந்தித்தால் இப்படி ஒருவரை ஒருவர் அடிமை என்று கேலி பேசியாக வேண்டும்; அது பரம்பரை வழக்கம். பேசாமல் போனால்தான் வருத்தம். தெனிங்கும் பேச வேண்டியதைப் பேசிவிட்டு வெளியே வந்தாள். முன்பெல்லாம் ஹமாத்தை மடக்க வழியிலேயே புதிதாக ஒன்று யோசித்து வைத்துக்கொள்வாள். இப்போது பழையதையே சொல்கிறாள். அவன் அதைக் கவனித்தானோ என்னவோ.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசிக் குழந்தை வயிற்றிலேயே பெரிதாகி இறந்து பிறந்தபோது கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு புருஷன் மகத்தே யாசினை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தான். கவுலாக்கின் பெரிய சந்தையில் கருவாடு விற்பவளுக்கு அழுவதற்குத் தனியாக நேரம் கிடையாது. தெனிங் விற்றாள். ஒரு மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் முடித்தாள். யாசினின் மூன்று பிள்ளைகளுக்கும் முதுகில் இடம் கொடுத்தாள். காலையில் மாத்திரை, இரவில் மாத்திரை. ஆண்டுக்கு ஒருமுறை ஹமாத் அவளுடைய மூத்திரத்தில் ஒரு காகிதக் கீற்றை நனைத்துப் பார்ப்பான். நிறம் மாறாது. “சுத்தம்” என்பான். அவளும் சந்தைக்குப் போய்விடுவாள்.

இந்த ஆண்டு புதிதாக வந்த டாக்டரம்மா காகிதத்தோடு விடவில்லை. விடிந்ததும் கழிக்கிற முதல் மூத்திரத்தைக் கேட்டாள். அதைத் தலைநகர் டகாருக்குச் சோதனைக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டாள். சின்னப் பெண், கழுத்து எலும்பு தெரிந்தது. அவளுக்கும் தூக்கம் போதவில்லை என்று தெனிங்குக்குத் தோன்றியது.

“சிறுநீரகம் கெட்டுப்போறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு அடையாளம் காட்டும்மா. ரத்தத்துலயே இருக்க வேண்டிய ஒரு புரதம் துளித்துளியா மூத்திரத்துல இறங்கும். ஹமாத்தோட காகிதத்துக்கு அது தெரியாது. அவ்வளவு கொஞ்சம்.”

“கொஞ்சம்னா எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“கொஞ்சமா இருக்கறப்பதான் கூப்பிடணும்.”

“எனக்கு வலிக்கலியே.”

“வலிக்காது.”

“கால் வீங்கல.”

“வீங்காது. வீங்கின பிறகு வந்தீங்கன்னா எங்கிட்ட சொல்ல ஒண்ணும் இருக்காது.” டாக்டரம்மா மேசையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். “கம்பு மாவு சலிக்கிறீங்கல்ல? சல்லடைக் கண்ணு ஒண்ணு ரெண்டு லேசா அகண்டுபோச்சு. கீழ குருணை விழுது. இப்ப மாவைப் பாத்தா தெரியாது, தடவிப் பாத்தாத்தான் தெரியும்.”

“சல்லடை அகண்டா வேற வாங்கிடுவோம்.”

“இதுக்கு வேற கிடையாதுன்னு வச்சுக்குங்க.”

தெனிங்குக்கு அண்ணன் ஜேகானின் நினைவு வந்தது. அவனுக்கும் சர்க்கரைதான். முகம் வீங்கி, மூச்சு வாங்கி, கம்பளி போர்த்திக்கொண்டு, வாயில் இரும்பு நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே கிடந்தான். ரத்தத்தைக் கழுவுகிற இயந்திரத்துக்காக டகாரில் ஒரு தங்கையின் வீட்டுத் தாழ்வாரத்தில் முறைக்குக் காத்திருந்தான். முறை வந்தது. கொஞ்ச காலம் கழுவினார்கள். பிறகு அவனே போதும் என்றுவிட்டான். செத்த பிறகு அவனைக் குளிப்பாட்டியவர்கள், தோலில் உப்புப் பொடி மாதிரி ஏதோ படிந்திருந்தது என்றார்கள்.

“எனக்கு அது வந்துடுச்சா?”

“ஒரு தடவை பாத்துட்டு சொல்லக் கூடாது. காய்ச்சல், நீர்க்கடுப்பு எது இருந்தாலும் இது கொஞ்சம் ஏறும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். அப்பவும் இருந்தா, இருக்குன்னு அர்த்தம். அதுவரைக்கும் இந்த மாத்திரை. சந்தையில முட்டிவலிக்கு வாங்கிப் போடுறீங்களே, அதைத் தொடவே கூடாது. உப்பு பாதி. குழம்புல நசுக்கிப் போடுற மசாலாக் கட்டி வேண்டாம், அது முழுக்க உப்பு.”

தெனிங்குக்குச் சிரிப்பு வந்தது. “நான் கருவாட்டுக்காரி டாக்டரம்மா. இந்த ஊருல குழாய்த் தண்ணியே உப்பு.”

“தெரியும்மா. நானும் அதைத்தான் குடிக்கிறேன்.”

வீட்டில் சொன்னாள். மகத்தே லாரி இஞ்சினைப் பிரித்த எண்ணெய்க் கையை மணலில் தேய்த்துக்கொண்டே கேட்டான். நெடுநேரம் யோசித்தான்.

“மீன்ல இருக்கற சத்துதானே வெளிய போகுது?”

“அப்படித்தான் சொன்னா.”

“அப்ப இன்னும் கொஞ்சம் மீன் தின்னு. எண்ணெய் ஒழுகுற வண்டிக்கு எண்ணெய் ஊத்தித்தானே ஓட்டுறோம்.”

அவன் நல்லவன்தான். அதனால்தான் மேலே பேச அவளுக்கு அலுப்பாக இருந்தது. உப்பு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் யாசினிடம் போய்ச் சொல்வான். அவன் எப்படிச் சொல்வான் என்பதும் தெரியும்: “உன் சமையல் மூத்தவளுக்கு ஆகலையாம்.”

அந்த வீட்டில் முறை இரண்டிரண்டு நாள். தெனிங்கின் முறையில் சமையலும் புருஷனும் தெனிங்குடையது. யாசினின் முறையில் யாசினுடையது. யாருடைய முறையோ அவளுடைய அடுப்புதான் எரியும். இன்னொரு அடுப்பு எரிந்தால் அந்த வீடு உடைந்துவிட்டது என்று தெரு பேசும். மதியம் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள். சமைத்தவள் நடுவில் கிடக்கும் மீனைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவாள். சக்களத்தி தள்ளிய மீனைத் தொடாமல் ஒருத்தி எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இதில் எதையோ போட்டிருக்கிறாள்.

தன் முறையில் தெனிங் உப்பைக் குறைத்தாள். புளிச்சகீரையை அதிகமாக அரைத்துப் போட்டாள். பிள்ளைகள் முகம் சுளித்தன. மகத்தே, “வயசாச்சு, நாக்கு செத்துப்போச்சு உனக்கு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். அதைத் தாங்கிக்கொள்ளலாம். யாசினின் சோறுதான் பிரச்சினை. யாசின் நல்ல சமையல்காரி. மசாலாக் கட்டியை விரலால் நசுக்கி நான்கைந்து போடுவாள். கருவாட்டையும் போட்டு, அதற்கு மேல் உப்பும் போடுவாள். அரிசி அந்தக் குழம்பிலேயே வேகும். எடுத்து ஒதுக்க முடியாது.

என்ன செய்வதென்று யோசித்துச் சோர்ந்துபோய், தெனிங் ஒரு வழி கண்டாள். யாசினின் முறை வந்த ஒரு நாள் காலை எல்லாருக்கும் கேட்கும்படி, “நான் இன்னிக்கு நோன்பு” என்றாள்.

சர்க்கரை வந்த பிறகு எத்தனையோ ரமலானில் டாக்டர்கள் அவளை நோன்பு வைக்க விடவில்லை. விட்டுப்போனவை ஏராளமாகச் சேர்ந்திருந்தன. அவற்றை ஈடுகட்டுகிறேன் என்றால் யார் என்ன சொல்ல முடியும்? மகத்தே சந்தோஷப்பட்டான். நோன்பு திறக்க அவளுக்குப் பேரீச்சம்பழமும் ரொட்டியும் அவனே வாங்கிவந்தான். அதன் பிறகும் யாசினின் முறை நாட்களில் நோன்பு வைத்து, ரொட்டியை வெறுமனே தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று படுத்துவிடுவாள். தாம்பாளத்துக்கு அவள் போக வேண்டியதில்லை. யாருக்கும் கௌரவக் குறைவில்லை.

சந்தையில் பக்கத்துக் கடை பெந்தா கேலி செய்தாள்.

“மக்காவுக்குக் கிளம்பிட்டியாடி? இப்படி வாடிக் கிடக்கே.”

“பாவத்தைக் குறைக்கலாம்னு.”

“உன் பாவம் எனக்குத் தெரியாதா? தராசுல கட்டை விரலை வைக்கிறதுதானே? அதுக்கு வருஷம் பூரா பட்டினி கிடந்தாலும் தீராது.”

தெனிங் சிரிக்க முயன்றாள். முட்டி வலித்தது. முட்டிவலி மாத்திரை விற்பவன் சிவப்பும் மஞ்சளுமான மாத்திரைத் தட்டோடு முன்னால் வந்து நின்றான். அவள் தலையை ஆட்டி அனுப்பினாள். வெயில் கருவாட்டின் மேல் நின்றது. வீட்டுக்குப் போனால் படுக்கலாம், படுத்தால் எழ வேண்டும் என்று நினைத்தாள்.

பகலெல்லாம் பட்டினி கிடந்தபோதும் காலைச் சர்க்கரை மாத்திரையை அவள் விடவில்லை. விடியுமுன் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டாள். மாத்திரையை விடக் கூடாது என்றுதான் எல்லா டாக்டரும் சொல்லியிருந்தார்கள். சோற்றை விட்டால் மாத்திரையை என்ன செய்வதென்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நோன்பு வைப்பதாக டாக்டரம்மாவிடம் சொல்லாதபோது அவள் எப்படிச் சொல்வாள்?

அன்றைக்கு யாசினின் முறையில் இரண்டாவது நாள். சந்தையிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கிய தெனிங் முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். யாசின் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் பேசினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“உங்க நோன்பு எப்பவும் என் முறையிலதான் வருது. அது எப்படி?”

“அப்படியா?”

“உங்க முறையில உங்களுக்கு நல்லாப் பசிக்குது. என் முறையில அல்லா ஞாபகம் வந்துடுது.” செதில்கள் பறந்தன. “பக்கத்து வீட்டுக்காரி நேத்து கேட்டா. உன் அக்கா உன் சோத்தைத் தொட மாட்டேங்கறாளாமே, என்னடி போட்டேன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எம்பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருந்தா.”

தெனிங் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கை தானாக நடுங்கியது. சொல்ல வந்த சொல் என்னவென்று மறந்துபோயிற்று. மரம் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

“அக்கா? என்னைப் பாருங்க. அக்கா!”

பிறகு வாயில் ஏதோ தகரம் இடித்தது. இனிப்பாக இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். நோன்பு என்று சொல்ல நினைத்தாள்.

“அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். குடி! வாயத் திற!”

யாசின் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டாள். யாசினின் கையெல்லாம் மீன் நாற்றம். கொஞ்ச நேரத்தில் மரம் அதன் இடத்துக்குத் திரும்பியது.

“நான் எதாவது போட்டுடுவேன்னு நினைச்சுத்தானே?” என்றாள் யாசின். அழவில்லை. களைத்த குரலில் கேட்டாள்.

தெனிங் சொன்னாள். படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூத்திரம், டகார், சல்லடை, உப்பு. ஜேகானைப் பற்றி யாசினுக்குத் தெரியும். சாவுக்கு வந்து மூன்று நாள் அடுப்படியில் நின்றவள் அவள்தான்.

“இது ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ உப்பில்லாம சமைக்கணும்.”

 மீன் மேல் ஈ மொய்த்தது. யாசின் கையால் விசிறினாள்.

“சமைக்க மாட்டேன்க்கா,” என்றாள். “உண்மையச் சொல்றேன். உங்களுக்குச் சந்தை இருக்கு, நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. எனக்கு இந்த ரெண்டு நாள்தான். யாசின் கைச் சோறுன்னு அவரு கையை நக்கறாரே, அது ஒண்ணுதான். அதைச் சப்புன்னு ஆக்கி வைக்க என்னால முடியாது.”

“நான் கேக்கவே இல்லியே.”

“கேக்கல. பட்டினி கிடந்து சாகப் பாத்தீங்க. அதுக்குக் கேட்டிருக்கலாம்.”

“நான் தனியா கொஞ்சம் பொங்கிக்கட்டுமா?”

“என் முறையில இன்னொரு அடுப்பா? தெரு சும்மா இருக்குமா?” யாசின் எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய செதிலைத் தட்டினாள். “என் அடுப்புலயே வைக்கிறேன். சின்னச் சட்டியில. உங்க அரிசியும் மீனும் முதல்ல வெந்து இறங்கட்டும், அப்புறம் நான் என் பாட்டுக்குச் சமைக்கிறேன். ஆனா தட்டுல தனியா வாங்கித் தின்னறது நீங்க. பாக்கறவங்களுக்குப் பதில் சொல்றதும் நீங்க. அதை நான் சுமக்க மாட்டேன்.”

தெனிங் தலையாட்டினாள். அதைவிட நியாயமாக யாரும் அவளிடம் பேசியதாக நினைவில்லை. ஆனாலும் அதைக் கேட்டு அவளுக்கு ஆறுதல் வரவில்லை. இன்னும் ஒரு வேலை கூடியிருந்தது.

தட்டு வந்தது. முதல் நாள் மகத்தே அதைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கேட்டான். அவள் உப்பு விஷயத்தைச் சொன்னாள். “மூணு மாசத்துக்குத்தானே?” என்றான். அவளும் “பாக்கலாம்” என்றாள். இரவில் யாசினின் பிள்ளைகள் தட்டைத் தொட்டுப் பார்த்து, நாக்கில் வைத்து, துப்பிவிட்டுச் சிரித்தன.

மூன்று மாதம் கழிந்தது. ஹமாத் புட்டியை வாங்கினான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“ஏன்டா, நாக்க அடமானம் வச்சுட்டியா?”

“இல்ல, எங்க அடிமைக்கு உடம்பு சரியில்லன்னாங்க. அதான் இன்னிக்கு லீவு.”

முடிவு வந்தபோது டாக்டரம்மா அவளை உட்காரவைத்தாள். இருக்கிறது, என்றாள். அதே அளவு. ஏறவில்லை. இது ரொம்ப நல்ல சேதி அம்மா, முதல் படியிலேயே பிடித்துவிட்டோம், இப்படியே பத்து, இருபது வருஷம் நிறுத்திவைக்கலாம், என்றாள்.

“அப்ப நோய் இருக்கு.”

“ஆரம்பம் இருக்கு.”

“இந்தத் தட்டு மூணு மாசத்துக்கில்ல.”

டாக்டரம்மாவுக்கு எந்தத் தட்டு என்று தெரியாது. ஆனாலும் புரிந்த மாதிரி, “இல்லம்மா, இனிமே இதுதான்” என்றாள்.

வெளியே வந்த தெனிங் கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றாள். அண்ணனுக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பானா? வலி இல்லாதவனிடம் போய், இனி நீ நோயாளி, அப்படியே நடந்துகொள் என்றால், ஜேகான் சிரித்துவிட்டு இரண்டு கை சோறு கூடுதலாகத் தின்றிருப்பான். அவளுக்கும் அப்படிச் சிரிக்க ஆசையாக இருந்தது. அதற்கான தெம்புதான் இல்லை.

வெள்ளிக்கிழமை யாசினின் முறை. மகத்தேயின் அண்ணன் லத்தீர் பக்கத்து ஊர் ஃபத்திக்கிலிருந்து தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வந்திருந்தார். குடும்பத்துக்கு மூத்தவர். யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று அவர் வாயால் மற்ற வீடுகளுக்குப் போகும். காலையிலேயே மகத்தே தெனிங்கிடம் தணிந்த குரலில் சொல்லியிருந்தான்.

“இன்னிக்கு மட்டும் அந்தத் தட்டு வேண்டாம். அண்ணன் இருக்காரு. ஒரு வேளை உப்பு தின்னா செத்துட மாட்டே.”

“மாட்டேன்.”

“பின்ன?”

“இன்னிக்கு அண்ணன். அடுத்து பெருநாள். அப்புறம் யார் வீட்டுலயாவது குழந்தைக்குப் பேர் வைக்கறாங்க. எனக்குக் கணக்குத் தெரியுதுங்க.”

அவன் எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடுப்படியிலிருந்து யாசின் எட்டிப் பார்த்தாள். சின்னச் சட்டி அவள் கையில் இருந்தது.

“வைக்கவா, வேண்டாமா? சொல்லுங்க. எனக்கு நேரமாகுது.”

தெனிங் சட்டியைப் பார்த்தாள்.

“வை.”

மதியம் பாய் விரிந்தது. தாம்பாளம் வந்தது. மேலே முழு மீன், கேரட், மரவள்ளி, முட்டைக்கோஸ். வாசனை முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். யாசின் பெரியவரின் பக்கம் நல்ல துண்டாகத் தள்ளினாள். பிறகு எழுந்து போய் தட்டைக் கொண்டுவந்து தெனிங்கின் முன்னால் வைத்தாள். வெள்ளைச் சோறு, வெளுத்த மீன், பக்கத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு. வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டாள்.

லத்தீரின் கை நின்றது.

“என்ன மகத்தே, வீட்டுல எதாவது சச்சரவா?”

மகத்தே சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். உருண்டை வாய்க்குப் போகவில்லை. யாசின் தன் முன்னாலிருந்த முள்ளைப் பொறுக்கினாள்.

“சச்சரவு ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் தெனிங். “எனக்குச் சிறுநீரகத்துல நோவு.”

தனக்கு நோவு என்று நாலு பேர் முன்னால் அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெரியவர் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கே.”

“ஆமாங்க. நல்லாத்தான் இருக்கேன்.”

“ஜேகான் மாதிரியா?”

“ஜேகான் மாதிரி ஆகாம இருக்கத்தான் இது.”

அவர் கையை ஏந்தி, அல்லா குணமாக்கட்டும் என்றார். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். மகத்தேயும் சொன்னான். யாசினின் கடைக்குட்டியும் சொன்னது. பிறகு, நோயாளி இருக்கிற வீட்டில் பேசுவார்களே, அந்த மாதிரி தணிவாக, மழையைப் பற்றியும் கடலை விதைப்பைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் வழக்கமாக உட்காரும் இடைவெளி தாம்பாளத்தின் ஓரத்தில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் நகர்ந்து அதை அடைத்துக்கொண்டன.

தெனிங் எலுமிச்சையைப் பிழிந்தாள். சோற்றைப் பிசைந்தாள். ருசி இல்லாத சோற்றை மெல்ல நேரம் பிடிக்கும். மற்றவர்கள் கை கழுவி எழுந்த பிறகும் அவள் மென்றுகொண்டிருந்தாள். பாதியில் வைத்துவிடலாமா என்று இருந்தது. வைக்கவில்லை.